பெட்டியில் நட்டம், வாசலில் லாபம்: கேம் கன்சோல் வணிகமும் பூந்தமல்லி நெடுஞ்சாலையும்

பூந்தமல்லியைத் தாண்டினால் நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம், தண்டலம், இருங்காட்டுக்கோட்டை, அப்புறம் ஸ்ரீபெரும்புதூர். ஷிஃப்ட் மாறும் நேரங்களில் இந்த நெடுஞ்சாலையில் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அவற்றில் போகிறவர்களில் பலர் இருபது வயதை ஒட்டிய பெண்கள். உலகச் சந்தைக்குப் போகும் செல்போன்களைக் கோக்கும் கைகள் அவர்களுடையவை. அவர்களுக்கு வேலை தரும் ஃபாக்ஸ்கானும் பக்கத்திலேயே ஆலை வைத்திருக்கும் ஃபிளெக்ஸும் செல்போனோடு நிற்பவை அல்ல. சோனியின் பிளேஸ்டேஷனையும் நின்டென்டோவின் பெட்டிகளையும் ஃபாக்ஸ்கான் சீனத்தில் பல ஆண்டுகளாகக் கோத்துக் கொடுத்திருக்கிறது. மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸைச் செய்தது, அன்று ஃபிளெக்ஸ்ட்ரானிக்ஸ் என்ற பெயரில் இருந்த ஃபிளெக்ஸ்தான். மெக்ஸிகோவிலும் ஹங்கேரியிலும் செய்தது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் செல்போனுக்குப் பெயர் வாங்கியது. கேம் கன்சோலுக்கு வாங்கவில்லை.

ஏன் என்று கேட்டால் கூலி, மின்சாரம், துறைமுகம் என்று பதில் வரும். அந்தப் பதில் போதாது. செல்போனுக்குப் போதுமானதாக இருந்த கூலியும் துறைமுகமும் கன்சோலுக்கு மட்டும் போதாமல் போகாது. கன்சோல் வணிகத்தில் லாபம் எந்த இடத்தில் விளைகிறது, அதை யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்தால்தான் இந்த நெடுஞ்சாலைக்கு அதில் என்ன பங்கு கிடைக்கும், எது கிடைக்காது என்பது விளங்கும். நம் ஊரில் இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் ஆலை வருமா வராதா என்ற அளவிலேயே பேசி முடித்துவிடுகிறோம். அது பாதிக் கேள்விதான்.

மண்டபமும் சமையல் காண்ட்ராக்டும்

கல்யாண மண்டபத்தைக் குறைந்த வாடகைக்கு விட்டுவிட்டு, சமையல், அலங்காரம், நாதஸ்வரம் எல்லாம் எங்கள் ஆட்களிடம்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லி, அந்த ஆட்களிடம் கமிஷன் வாங்கும் மண்டபக்காரரை நாம் அறிவோம். கன்சோல் கம்பெனிகள் செய்வது அதுதான். பெட்டியை அடக்க விலைக்கோ அதற்கும் கீழோ விற்பார்கள். அந்தப் பெட்டியில் ஓடும் ஒவ்வொரு கேமும் அவர்கள் அனுமதி பெற்றுத்தான் ஓட முடியும். அனுமதிக்கு ராயல்டி உண்டு. இன்று பெரும்பாலான கேம்கள் டிஸ்க்கில் வராமல் நேரடியாக டவுன்லோட் ஆகின்றன. அந்தக் கடையும் கன்சோல் கம்பெனியுடையதே. வழக்கமான கணக்கில் நூறு ரூபாய்க்கு விற்றால் முப்பது ரூபாய் கடைக்காரருக்கு. அதன் மேல், நண்பர்களோடு ஆன்லைனில் ஆட மாதச் சந்தா. பெட்டி என்பது வாசல். வாசலைக் கட்ட ஆகும் செலவை உள்ளே வருகிறவர்களிடம் பல வருடம் வசூலிப்பார்கள்.

இந்த முறையை யாரும் ஒரே நாளில் உட்கார்ந்து திட்டமிடவில்லை. 1977-இல் அட்டாரி தன் வீட்டுக் கன்சோலை விற்கத் தொடங்கியபோது அதற்குக் கேம் எழுதியவர்கள் அட்டாரியின் சொந்த ஊழியர்கள். அவர்களில் நால்வர், தங்கள் பெயரும் கேம் அட்டையில் வருவதில்லை, விற்பனையில் பங்கும் கிடைப்பதில்லை என்று 1979-இல் வெளியேறி ஆக்டிவிஷனைத் தொடங்கினார்கள். அட்டாரி வழக்குப் போட்டது. கடைசியில் ராயல்டி பேசி சமாதானம் ஆனது. அதற்குள் யார் வேண்டுமானாலும் அட்டாரிக்குக் கேம் செய்யலாம் என்றாகிவிட்டது. சந்தையில் குப்பை குவிந்தது. 1983-இல் அட்டாரியால் அதன் முதலாளி வார்னருக்கு ஏற்பட்ட நட்டம் 50 கோடி டாலருக்கு மேல். விற்காத கேசட்டுகளை நியூ மெக்ஸிகோவின் அலமகோர்டோ என்ற ஊரில் குழி தோண்டிப் புதைத்தார்கள். 2014-இல் தோண்டிப் பார்த்தபோது அவை வெளியே வந்தன.

அந்த இடிபாட்டிலிருந்து பாடம் கற்றது நின்டென்டோ. 1889-இல் கியோட்டோவில் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய கம்பெனி அது. அமெரிக்காவுக்கு 1985-இல் கொண்டுபோன தன் பெட்டியில் ஒரு பூட்டுச் சிப்பை வைத்தது. கேசட்டில் அதற்கு இணையான சிப் இல்லாவிட்டால் கேம் ஓடாது. வெளிக் கம்பெனிகள் ஆண்டுக்கு ஐந்து கேம்தான் வெளியிடலாம், கேசட்டுகளை நின்டென்டோவிடமே முன்பணம் கட்டிச் செய்து வாங்க வேண்டும், அதே கேமை இரண்டு ஆண்டு வேறு பெட்டிக்குத் தரக் கூடாது. கடுமையான நிபந்தனைகள்தான். ஆனாலும் கம்பெனிகள் கையெழுத்துப் போட்டன. ஏனென்றால் வாங்குகிறவர்கள் அந்த வாசலுக்குள்தான் இருந்தார்கள். இன்று ஆப்பிளும் கூகுளும் தங்கள் ஆப் ஸ்டோரில் வசூலிக்கும் கமிஷனின் முன்மாதிரி இங்கேதான் இருக்கிறது.

மூவர் போட்டி

நின்டென்டோவின் பிடியை முதலில் அசைத்தது சேகா. 1991-இல் வந்த சோனிக் என்ற கேம் அமெரிக்கப் பிள்ளைகளை சேகாவின் பக்கம் இழுத்தது. ஆனால் அடுத்தடுத்துத் தவறான கணக்கில் பெட்டிகளை இறக்கி, இருந்த பணத்தைக் கரைத்தது. 1995 மே மாதம் அமெரிக்காவில் நடந்த கண்காட்சியில் சேகா தன் சாட்டர்ன் பெட்டியை 399 டாலருக்கு அறிவித்த அதே நாளில், சோனியின் அதிகாரி மேடையேறி 299 என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். நூறு டாலர் வித்தியாசத்தைத் தாங்கும் பண பலம் சோனிக்கு இருந்தது, சேகாவுக்கு இல்லை. 2001 ஜனவரியில் சேகா கன்சோல் செய்வதையே நிறுத்தியது. அதன் தலைவர் இசாவோ ஒகாவா தன் சொந்தச் சொத்தைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, சில வாரங்களில் காலமானார்.

சோனி இந்தத் தொழிலுக்கு வந்ததே ஓர் அவமானத்தால். நின்டென்டோவோடு சேர்ந்து சிடி பெட்டி செய்வதாக 1991-இல் சிகாகோவில் அறிவித்த மறுநாளே, நின்டென்டோ தன் கூட்டு பிலிப்ஸோடு என்று அறிவித்தது. கென் குட்டராகி என்ற பொறியாளர் தொடர்ந்து மன்றாடியதால் சோனி தனியாக இறங்கி, 1994 டிசம்பர் 3 அன்று பிளேஸ்டேஷனை வெளியிட்டது. கேசட்டை விட சிடி அச்சடிக்க மிக மலிவு. வேண்டிய அளவு வேண்டியபோது அச்சடிக்கலாம். விற்காத கேசட்டில் பணம் முடங்கும் பயம் இல்லை. கேம் செய்கிறவர்கள் கூட்டமாக சோனிக்கு வந்தார்கள். நின்டென்டோவோடு இருந்த ஃபைனல் ஃபேண்டசி தொடரே 1997-இல் இடம் மாறியது. முதல் பிளேஸ்டேஷன் 10 கோடியைத் தாண்டி விற்றது. இரண்டாவது 16 கோடியைத் தாண்டியது. அந்த எண்ணிக்கையை இன்றுவரை வேறு எந்தப் பெட்டியும் எட்டவில்லை.

வென்றவன் அடுத்த ஆட்டத்தில் அளவு தெரியாமல் செலவழிப்பான் என்பதை இந்தத் துறையில் பலமுறை பார்க்கலாம். 2006-இல் வந்த பிளேஸ்டேஷன் 3-இல் சோனி தன் சொந்த செல் பிராசஸரையும் புளூரே டிரைவையும் வைத்தது. அமெரிக்காவில் 599 டாலருக்கு விற்ற பெட்டியைச் செய்ய சுமார் 840 டாலர் ஆகிறது என்று ஐசப்ளை ஆய்வு நிறுவனம் பிரித்துப் பார்த்து மதிப்பிட்டது. விற்ற ஒவ்வொரு பெட்டிக்கும் 240 டாலர் கையிலிருந்து போனது. 2007 மார்ச்சுடன் முடிந்த நிதியாண்டில் சோனியின் கேம் பிரிவு 23,230 கோடி யென் நட்டம் காட்டியது. பெட்டியில் விட்டதைக் கேமில் பிடிக்கலாம் என்ற கணக்கு, பெட்டி போதுமான அளவு விற்றால்தான் பலிக்கும். விலை அதிகமாக இருந்ததால் விற்பனை மெதுவானது. விற்பனை மெதுவானதால் கேம் செய்கிறவர்கள் தயங்கினார்கள். கேம் குறைந்ததால் விற்பனை மேலும் மெதுவானது.

மைக்ரோசாஃப்ட் கதை வேறு. 2001-இல் உள்ளே வந்தபோது அதற்கு லாபம் அவசரம் இல்லை. வரவேற்பறை டிவி சோனியின் கையில் போய்விடக் கூடாது என்ற பயம்தான் அதைத் தள்ளியது. விண்டோஸிலும் ஆஃபீஸிலும் வந்த பணம் எக்ஸ்பாக்ஸின் ஓட்டையை அடைத்தது. எக்ஸ்பாக்ஸ் 360 சோனியை விட ஓராண்டு முன்னால் வந்து முந்தியது; ஆனால் அவசரத்தில் செய்த பெட்டிகள் சூடேறிச் செயலிழந்தன, முன்பக்கம் சிவப்பு வளையம் ஒளிர்ந்தது. 2007-இல் வாரண்டியை நீட்டிக்க மட்டும் மைக்ரோசாஃப்ட் 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. 2021 மே மாதம், கேம் கம்பெனியான எபிக் ஆப்பிள் மீது போட்ட வழக்கில் சாட்சி சொன்ன எக்ஸ்பாக்ஸ் அதிகாரி லோரி ரைட், கன்சோல் விற்பனையில் தங்களுக்கு லாபமே இல்லை, நட்டத்தில்தான் விற்கிறோம் என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டு எக்ஸ்பாக்ஸின் அன்றைய தலைவர் ஃபில் ஸ்பென்சர், ஒரு பெட்டிக்கு 100 முதல் 200 டாலர் வரை விடுகிறோம் என்றார். எத்தனை பெட்டி விற்றது என்ற எண்ணிக்கையை வெளியிடுவதை மைக்ரோசாஃப்ட் 2015-லேயே நிறுத்திவிட்டது.

நின்டென்டோ மட்டும் வேறு வழியில் போனது. சக்தியில் போட்டி போடாமல், பழகிய, மலிந்த தொழில்நுட்பத்தில் புதிய விளையாட்டு யோசனை என்பது அதன் பொறியாளர் குன்பெய் யோக்கோய் விட்டுச் சென்ற வழி. 1989-இன் கேம்பாய் அந்த வழியில் வந்தது. 2006-இன் வீயும் அப்படியே. வீ 249 டாலருக்கு வந்து, பத்துக் கோடிக்கு மேல் விற்று, பெட்டியிலேயே லாபம் தந்தது. வித்தியாசத்தை எண்ணில் பார்க்கலாம். கொரோனா முடக்கத்தில் எல்லோரும் வீட்டில் இருந்த, 2021 மார்ச்சுடன் முடிந்த நிதியாண்டில், சோனியின் கேம் பிரிவு சுமார் 2,65,600 கோடி யென்னுக்கு விற்று 34,200 கோடி யென் இயக்க லாபம் பார்த்தது. நின்டென்டோ சுமார் 1,75,900 கோடி யென்னுக்கு விற்று 64,000 கோடி யென் லாபம் பார்த்தது. சோனிக்கு நூறு யென் விற்பனையில் பதின்மூன்று, நின்டென்டோவுக்கு முப்பத்தாறு. அதிகம் விற்றவர் அதிகம் சம்பாதிக்கவில்லை. மாரியோவும் ஸெல்டாவும் நின்டென்டோவின் சொந்தச் சரக்கு என்பதால், கேமில் வரும் பணத்தை வேறொருவரோடு பங்கு போட வேண்டியதில்லை.

அந்த வழியும் வழுக்கும். 2011-இல் 3டிஎஸ் பெட்டியை 25,000 யென்னுக்கு இறக்கி, ஆறே மாதத்தில் 15,000-க்கு வெட்ட வேண்டி வந்தது. அந்த நிதியாண்டில் கம்பெனி 4,320 கோடி யென் நிகர நட்டம் கண்டது. தலைவர் சடோரு இவாடா தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். ஆட்களை வெட்டாமல் முதலில் தன் சம்பளத்தில் கை வைத்த அந்த முடிவை இந்தத் துறையின் வரலாற்றில் நான் மிக உயர்வாக மதிக்கிறேன். அடுத்து வந்த வீ யூ 1.36 கோடியோடு நின்றது. 2017-இன் ஸ்விட்ச் வந்து 15 கோடியைத் தாண்டிய பிறகுதான் மூச்சு வந்தது.

இன்றைய நிலை முன்பு போல இல்லை. பிளேஸ்டேஷனுக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் உள்ளே இருக்கும் முக்கியச் சிப் இரண்டையும் வடிவமைப்பது ஏஎம்டி என்ற ஒரே கம்பெனி. சோனி 2021-லேயே 499 டாலர் பிளேஸ்டேஷன் 5 இனி நட்டத்தில் விற்கவில்லை என்று சொன்னது. முன்பெல்லாம் ஒரு கன்சோல் வயதாக ஆக விலை இறங்கும். 299 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 2 பிற்காலத்தில் 99 டாலருக்குக் கிடைத்தது. இப்போது ஏறுகிறது. 2025-இல் அமெரிக்காவில் பிளேஸ்டேஷன் 5 விலை 549 டாலர் ஆனது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டு முறை ஏறி 649 டாலர் ஆனது. ஆக்டிவிஷன் பிளிஸ்ஸார்டை 6,870 கோடி டாலர் பேரத்தில் 2023 அக்டோபரில் வாங்கி முடித்த மைக்ரோசாஃப்ட், இப்போது தன் கேம்களை சோனியின் பெட்டிக்கே விற்கிறது. தனக்கு மட்டும் என்று கட்டிக்காத்த ஹேலோ கேமையும் பிளேஸ்டேஷனுக்குத் தருவதாக அறிவித்தது. பெட்டிப் போட்டியில் மூன்றாமவர் பெட்டியை விட்டுக் கேமைப் பிடித்துக்கொள்கிறார் என்றுதான் இதைப் படிக்க முடிகிறது.

நம் பக்கம்

இந்தியாவுக்குள் இந்தப் போட்டி எப்படி வந்தது? 1995-இல் சேகா, மதுபானத்துக்குப் பெயர்போன ஷா வாலஸ் கம்பெனியோடு விநியோக ஒப்பந்தம் போட்டது. அப்போது இறக்குமதி வரி 80 சதவீதம். அதைச் சமாளிக்கத்தான் இந்த ஏற்பாடு. அப்படியும் மெகா டிரைவ் பெட்டி ஒன்றின் விலை 18,000 ரூபாய். அந்தக் காலத்து மத்தியதரக் குடும்பத்துக்கு அது கலர் டிவி வாங்கும் பணம். பெட்டி வாங்கியது மிகச் சிலர்.

அதே சேகா பிரேசிலில் என்ன செய்தது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கும் இறக்குமதிக்குக் கடும் வரி. 1987-இல் தொடங்கிய டெக்டாய் என்ற உள்ளூர் கம்பெனி, சேகாவிடம் உரிமம் வாங்கி, மனாவ்ஸ் வரிவிலக்கு மண்டலத்தில் பெட்டியைக் கோத்தது. வெறுமனே கோக்கவில்லை. சேகாவின் கேம்களை போர்ச்சுகீசிய மொழிக்கு மாற்றியது; பிரேசில் குழந்தைகளுக்குப் பிடித்த மோனிகா சித்திரக்கதைப் பாத்திரத்தைக் கேமுக்குள் வைத்தது. சேகாவே கன்சோல் தொழிலை விட்ட பிறகும் பிரேசிலில் அதன் பெட்டிகள் பல ஆண்டுகள் விற்றன. ஷா வாலஸ் ஒரு பொருளை விநியோகித்தது. டெக்டாய் ஒரு சந்தையை உண்டாக்கியது. நம் ஊரில் அந்த டெக்டாய் வரவில்லை என்பதே என் வருத்தம்.

அந்த வெற்றிடத்தில் வந்தவை நின்டென்டோவின் பழைய பெட்டியை அப்படியே நகலெடுத்த மலிவுப் பெட்டிகள். எண்பதுகள், தொண்ணூறுகளில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு ‘டிவி கேம்’ என்றால் அதுதான். மஞ்சள் கேசட்டைச் செருகினால் மாரியோ, கான்ட்ரா. ஒரே கேசட்டில் ஆயிரக்கணக்கான கேம் என்று அட்டையில் போட்டிருக்கும். திரும்பத் திரும்ப அதே சில கேம்கள்தான் வரும். இதன் வணிகக் கணக்கு நின்டென்டோவின் கணக்குக்கு நேர் எதிர். நகல் பெட்டி செய்பவர் ராயல்டி வாங்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. பெட்டியிலேயே லாபம் வைத்து விற்றுவிட்டுப் போய்விடுவார். கியோட்டோவுக்கு ஒரு பைசா போகவில்லை. ஆனால் மாரியோ என்றால் யார் என்று இந்தியா முழுக்கத் தெரிந்தது.

அடுத்தது பிளேஸ்டேஷன் 2 காலம். சென்னையின் ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் சிப் மாற்றிய பெட்டி கிடைத்தது. திருட்டு டிவிடி கிடைத்தது. புறநகரெங்கும் வீடியோ கேம் கடைகள் முளைத்தன. சிறிய அறை, வரிசையாக டிவிகள், மணிக்கணக்கில் வாடகை. கடைக்காரருக்குக் கணக்கு லாபமானது: ஒரு பெட்டியில் நாள் முழுக்கப் பத்துப் பதினைந்து பேர் ஆடுவார்கள். சோனிக்கு அந்தக் கணக்கு ஒத்துவராதது: பதினைந்து பேருக்கு ஒரு பெட்டி, அதற்கும் ஒரு ரூபாய் ராயல்டி இல்லை. பெட்டியை மலிவாகக் கொடுத்துக் கேமில் எடுக்கும் வியாபாரம், கேமை யாரும் காசு கொடுத்து வாங்காத ஊரில் நடக்காது. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லவும் முடியாது. ஒரிஜினல் டிஸ்க்கின் விலை டாலர் கணக்கில் வைக்கப்பட்டது. வீட்டு வருமானம் ரூபாய்க் கணக்கில் இருந்தது.

சோனி இந்தியாவை முற்றிலும் கைவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேலை நாடுகளில் பிளேஸ்டேஷன் 3 போய்க்கொண்டிருந்த 2009-இல், இங்கே பிளேஸ்டேஷன் 2-க்காக ஐதராபாத்தின் அரோனா டெக்னாலஜிஸ் செய்த ‘ஹனுமான்: பாய் வாரியர்’ வெளிவந்தது. முழுக்க இந்தியாவில் செய்யப்பட்ட முதல் கன்சோல் கேம் என்று அது அறியப்படுகிறது. கபடி, கோலி, பட்டம் வைத்து ‘தேசி அட்டா’ வந்தது. தெரு கிரிக்கெட் கேம் வந்தது. சரியான திசைதான், தரம் போதவில்லை, காலமும் தாமதம். பழைய பெட்டியின் கடைசி நாள்களில் செய்த முதலீடு அது.

புதிய பெட்டிகளோ எட்டாத உயரத்தில் இருந்தன. 2006 செப்டம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 இங்கே 19,990 ரூபாயில் தொடங்கியது. யுவராஜ் சிங்கும் அக்ஷய் குமாரும் விளம்பரத்தில் வந்தார்கள். 2007 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 3 விலை 39,990. 2014 ஜனவரியில் பிளேஸ்டேஷன் 4 அதே 39,990. 2021 பிப்ரவரி 2 அன்று பிளேஸ்டேஷன் 5 வந்தபோது 49,990. மறு ஆண்டு 54,990. புதிய கேம் ஒன்று 4,999. எக்ஸ்பாக்ஸ் ஒன் அமெரிக்காவில் வந்து பத்து மாதம் கழித்துத்தான் இந்தியாவுக்கு வந்தது. நின்டென்டோ ஸ்விட்ச்சை இங்கே அதிகாரபூர்வமாக வெளியிடவே இல்லை. ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் கிடைத்தது எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு; வாரண்டி கிடையாது.

இந்த விலையில் வரியின் பங்கு பெரிது. 2018 பட்ஜெட்டில் வீடியோ கேம் கன்சோல் மீதான சுங்க வரி 10-லிருந்து 20 சதவீதம் ஆனது. துறைமுகத்தில் நூறு ரூபாய் மதிப்புக்கு இறங்கும் பெட்டிக்கு இருபது ரூபாய் சுங்கம், அதன் மேல் சமூகநல மேல்வரி இரண்டு ரூபாய். இந்த 122-க்கு ஜிஎஸ்டி. முதலில் 28 சதவீதமாக இருந்த அது 2019 ஜனவரி முதல் 18 ஆனது. கூட்டினால் ஏறக்குறைய 144 ரூபாய். விநியோகஸ்தர், கடைக்காரர் லாபம் இனிமேல்தான். பெட்டியில் லாபம் வைக்காமல் விற்க நினைக்கும் கம்பெனிக்கும் இந்த வரி கழிவதில்லை. மலிவான வாசல் என்ற அடிப்படையையே இது உடைக்கிறது.

இந்த இடைவெளியில் செல்போன் வந்து ஆட்டத்தை முடித்துவைத்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. ஃப்ரீ ஃபயரும் பப்ஜியும் இலவசமாக இறங்கின. பப்ஜியை 2020 செப்டம்பரில் தடை செய்தார்கள். அடுத்த ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பியது. கையில் ஏற்கெனவே இருக்கும் போனில் ஆட முடியும் என்றால், ஐம்பதாயிரம் கொடுத்துத் தனிப் பெட்டி வாங்க எத்தனை குடும்பங்கள் முன்வரும்? சோனி, மைக்ரோசாஃப்ட் போட்டி இந்தியாவில் பெரிய போட்டியாக நடந்ததே இல்லை.

வரி ஒன்றே, விளைவு இரண்டு

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். செல்போனுக்கும் அரசு வரி போட்டது: 2017 ஜூலையில் 10, டிசம்பரில் 15, 2018 பிப்ரவரியில் 20 சதவீதம். அந்த வரி வேலை செய்தது. போன் ஆலைகள் வந்தன. பிறகு 2024 ஜூலையில் 15 ஆகக் குறைத்தார்கள். அதே 2018 பட்ஜெட்டில் அதே 20 சதவீதம் கன்சோலுக்கும் போட்டார்கள். எந்த ஆலையும் அதற்காக ஓடி வரவில்லை. காரணம் எளிது. ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் போன் வாங்கும் நாட்டில் வரியைத் தாண்ட ஆலை கட்டுவது கம்பெனிக்கு லாபம். அதோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய கன்சோல் சந்தைக்கு ஆலை கட்டுவதை விட, விலையை ஏற்றி விற்றதை விற்றுவிட்டுப் போவது லாபம். 2020-இல் தொடங்கிய உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டம் செல்போனை எடுத்துக்கொண்டது; பிறகு வந்த ஐடி கருவிகள் திட்டம் லேப்டாப், டேப்லட், சர்வர்களை எடுத்துக்கொண்டது. கன்சோல் எதிலும் இல்லை. ஊக்கமும் இல்லை, தண்டமாக வரி மட்டும் உண்டு.

ஆலை வந்திருந்தாலும் என்ன கிடைத்திருக்கும் என்று யோசிக்கத் தேவையான அனுபவம் இந்த நெடுஞ்சாலைக்கு உண்டு. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கிய நோக்கியா, ஒரு காலத்தில் உலகின் பெரிய போன் ஆலைகளில் ஒன்று. எக்ஸ்பாக்ஸின் முதலாளியான மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் தொழிலை வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த இந்த ஆலையை மட்டும் விட்டுவிட்டு வாங்கியது. அந்த நவம்பரில் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வருமானம் வேறு நாட்டுப் பேரத்தில் ஒரு பத்தியாக முடிந்துபோனது.

2021 டிசம்பரில் நடந்தது இன்னும் பக்கத்தில். பூந்தமல்லி அருகே விடுதியில் தங்கி ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலைக்கு வேலைக்குப் போன பெண்களுக்கு உணவு நஞ்சானது. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளின் நிலை தெரியாமல் தவித்த பெண்கள் இந்த நெடுஞ்சாலையில்தான் விடிய விடிய மறியல் செய்தார்கள். ஆலை மூடப்பட்டு, ஜனவரியில் மீண்டும் திறந்தது. விடுதியின் நிலை சரியில்லை என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. அப்போது வந்த செய்திகள் மாதச் சம்பளம் சுமார் 10,500 ரூபாய் என்றன. அந்த ஆண்டு வெளிவந்த பிளேஸ்டேஷன் 5 அந்தச் சம்பளத்தில் ஐந்து மாதம். ஒரு கேம், ஏறக்குறைய பாதி மாதம்.

கோத்துக் கொடுக்கும் வேலையில் கிடைக்கும் பங்கு மெல்லியது என்பது அந்த விடுதிச் சாப்பாட்டில் தெரிந்தது. கன்சோல் ஆலை வந்திருந்தால் இது மாறியிருக்காது. ஒப்பந்தக்காரரின் விளிம்பு கன்சோலில் இன்னும் இறுகலாம், ஏனென்றால் பெட்டியைக் கோக்கச் சொல்லும் கம்பெனியே பெட்டியில் லாபம் பார்க்காத கம்பெனி. வேலை வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலை வேண்டும்; நல்ல விடுதியோடு, நல்ல சம்பளத்தோடு வேண்டும். ஆனால் இந்தத் தொழிலின் லாபம் அந்த வேலையில் இல்லை.

எழுபது ரூபாய் யாருக்கு

வாசல் கியோட்டோவிலும் டோக்கியோவிலும் மைக்ரோசாஃப்டின் ரெட்மாண்டிலும் கட்டப்பட்டுவிட்டது. நான்காவது வாசல் கட்டும் பணம் நம்மிடம் இல்லை; சேகாவே தோற்ற ஆட்டம் அது. ஆனால் வாசல்காரர் முப்பது ரூபாய் எடுத்துக்கொண்டால் மீதி எழுபது கேம் செய்தவர் பக்கம் போகிறது. அந்த எழுபதும் முழு லாபம் இல்லை. பதிப்பாளர் பங்கு உண்டு, பெரும்பாலான கேம்கள் போட்ட முதலையே எடுப்பதில்லை. இருந்தும் நாம் நுழையக்கூடிய இடம் அதுதான்.

நுழைந்தவர்கள் இருக்கிறார்கள். புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ், கூட்டுநிதி திரட்ட முயன்று தோற்று, தொடர்ந்து போராடி, ‘ராஜி’ என்ற கேமை 2020 ஆகஸ்டில் முதலில் வெளியிட்டது நின்டென்டோ ஸ்விட்ச்சில். இந்தியக் கதை, இந்தியக் கம்பெனி. வந்த பெட்டியோ இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்காதது. அதைவிட நமக்கு நெருக்கமானது ‘வெண்பா’. டொரோண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட இந்தக் கேமில், எண்பதுகளில் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்த் தாய் தன் அம்மாவின் சிதைந்த சமையல் குறிப்பேட்டைப் பார்த்துச் சமைக்கிறாள். ஆடுபவர் அந்தக் குறிப்புகளின் விடுபட்ட இடங்களை ஊகித்து இட்லி வேக வைக்க வேண்டும். ஸ்விட்ச், எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் மூன்றிலும் வந்தது. 2024-இல் சிறந்த அறிமுகக் கேமுக்கான பாஃப்டா விருதை வாங்கியது. தமிழ் வாழ்க்கை உலகச் சந்தையில் விலைபோகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதைச் செய்ய ஒரு தமிழ்க் குழு டொரோண்டோவில் இருக்க நேர்ந்தது; சென்னையில் இருந்திருந்தால் சோனியின், நின்டென்டோவின் உருவாக்கக் கருவியும், பிழைக்கும் அளவு முதலும், பக்கத்து வீட்டில் ஆடிப்பார்த்துக் குறை சொல்லும் பத்துப் பேரும் கிடைத்திருப்பார்களா என்பது கேள்வி. கன்சோலில் ஆடி வளராத ஊரில் கன்சோலுக்குக் கேம் செய்கிறவர்கள் அரிதாகத்தான் வருவார்கள்.

அதனால்தான் வரியைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது. கன்சோல் மீதான 20 சதவீதச் சுங்கம் காப்பதற்கு உள்நாட்டில் பெரிய கன்சோல் தொழில் ஏதும் இல்லை. அரசுக்கு அதில் வரும் வருமானமும் பெரிதாக இருக்க முடியாது. அது தடுப்பது நம் பிள்ளைகளை மட்டும்தான். மத்திய அரசு அந்தச் சுங்கத்தை நீக்க வேண்டும். 2023-இல் இந்தியக் கேம் குழுக்களுக்காக சோனி அறிவித்த இந்தியா ஹீரோ திட்டம் போன்றவற்றைக் கம்பெனிகளின் தயவுக்கு விட்டுவிடாமல், மாநில அரசும் இறங்க வேண்டும். ஆலை ஒன்றைக் கொண்டுவர நிலம், மின்சாரம், முத்திரைத்தாள் என்று தமிழ்நாடு விட்டுக்கொடுக்கும் தொகையில் சிறு பங்கை, அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் பத்துப் பேராக உட்கார்ந்து கேம் செய்யத் துணியும் குழுக்களுக்கு மூன்றாண்டு முதலாகக் கொடுத்துப் பார்க்கட்டும். கொடுத்ததில் பாதிக் குழு தோற்கும். தோற்காத ஒரு குழு, மண்டபத்துக்கு வெளியே வரிசையில் நிற்கும் வேலையிலிருந்து நம்மை உள்ளே கொண்டுபோகும்.